சக்கரத்துக்கு அடியில் ஓடிபி சொன்ன நாரை

ஒரு காட்டில், காடு என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இன்னும் கொஞ்சம் மரம் மிச்சமிருந்த ஒரு காட்டில், ஒரு குளம் இருந்தது. குளத்தில் மீன் இருந்தது. கரையில் ஒரு கருவேலமரம், மரத்தில் ஒரு கூடு, கூட்டில் இரண்டு குஞ்சுகள். அவற்றுக்குத் தாயாக ஆவுடைத்தாய் என்று ஒரு நாரை. குஞ்சுகளின் அப்பன் போன பருவத்தில் இரை தேடி மேற்கே பறந்தவன், விலாசம்கூடச் சொல்லாமல் அங்கேயே தங்கிவிட்டான். ஆவுடைத்தாய் அதற்காக உட்கார்ந்து அழவில்லை. காலையில் குளத்தில் இறங்குவாள், ஒரு காலை மடக்கி ஒரு காலை ஊன்றி அசையாமல் நிற்பாள், மீனைக் கொத்துவாள், கூட்டுக்குப் பறப்பாள். பழைய கதையாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு வேடன் வந்திருப்பான். இது புதுக் காலம் அல்லவா, ஒரு கம்பெனி வந்தது.

கம்பெனியின் பெயர் ‘சிட்டாப்பற’. ஆலமர உச்சியில் ஒரு குரங்கு முதலாளி இருந்து அதை நடத்துவதாகக் கேள்வி, பார்த்தவர் யாருமில்லை. ‘கண் மூடித் திறப்பதற்குள் வாசலில் சாமான்’ என்று காடு முழுக்க எழுதி வைத்திருந்தார்கள். அதை நம்பிச் சாலையோரமாகக் கண்ணை மூடிய சிலர் பிறகு திறக்கவே இல்லை. ஆனாலும் அவர்கள் கேட்ட சாமான் வாசலுக்கு வந்து சேரத்தான் செய்தது. கம்பெனியை வீணாகக் குறை சொல்லக்கூடாது.

பக்கத்து மரத்து நீர்க்காகத்தின் குஞ்சுகள் பெட்டியில் வந்த மீன் தின்றன. பெட்டியின் மேல் பறக்கிற சிட்டுப் படம் போட்ட ஸ்டிக்கர் வேறு. அதைப் பார்த்ததிலிருந்து ஆவுடைத்தாயின் குஞ்சுகளுக்கு அம்மா கொண்டுவரும் மீன் தொண்டையில் இறங்கவில்லை.

“இது வெறும் மீனும்மா. எங்களுக்குப் பெட்டி மீன்தான் வேணும்.”

“ஏட்டி, ரெண்டும் இந்தக் குளத்து மீனுதான்.”

“அதுல ஸ்டிக்கர் இருக்கே.”

இதற்கு எந்தத் தாயால் பதில் சொல்ல முடியும்? முதல் ஆர்டர் இலவசம் என்றும் எழுதியிருந்தது. ஆவுடைத்தாய் முழங்கால் அளவு தண்ணீரில், நாலாபக்கமும் மீன் துள்ள, செல்போனை எடுத்து ஒரு பெட்டி மீன் ஆர்டர் போட்டாள். பிறகு கரையேறி, ஒற்றைக் காலில் நின்று வண்டிக்குக் காத்திருந்தாள்.

வண்டி வந்தது. ஓட்டியவன் மாசானம் என்கிற காட்டுப்பன்றி. நல்லவன், பிள்ளைகுட்டிக்காரன், ஈட்டி மாதிரி நேரே ஓட்டுவான். பன்றி ஜாதிக்கே கழுத்தைத் திருப்பிப் பார்க்கிற வசதி கிடையாது. அதைக் கம்பெனி வேலைக்கு எடுக்கும்போதே கவனித்தது. திரும்பிப் பார்த்து நேரத்தை வீணாக்க மாட்டான் என்று சந்தோஷப்பட்டு எடுத்துக்கொண்டது. கரையில் வண்டியைத் திருப்ப இடமில்லை. செல்போனில் சிவப்புக் கடிகாரம் துடித்துக்கொண்டிருந்தது. மாசானம் அதைப் பார்த்தபடியே ரிவர்ஸ் எடுத்தான். பின்சக்கரம் ஆவுடைத்தாய் ஊன்றியிருந்த காலின் மேல் ஏறி நின்றது.

அவள் போட்ட சத்தத்தில் குளத்துக் கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன. மாசானம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். காலைப் பார்த்தான். முகம் வெளிறிப்போனது.

“யக்கா, ஓடிபி சொல்லுங்க.”

“தம்பி, காலு மேல வண்டி நிக்குதுப்பா.”

“தெரியுதுக்கா. ஓடிபி போட்டாத்தான் வண்டிய நகத்த முடியும். போடாம நகத்துனா சாமான் குடுக்காம ஓடிட்டான்னு சிஸ்டம் என்னைத் தூக்கிரும். வீட்ல ஏகப்பட்ட குட்டி கெடக்குக்கா. சட்டுனு சொல்லுங்க.”

வேறு யாராவது என்றால் அவன் மூக்கிலேயே கொத்தியிருப்பார்கள். ஆவுடைத்தாய் குஞ்சு பொரித்தவள். குட்டி என்ற சொல் காதில் விழுந்ததும் அவளுக்கு மனசு இளகிவிட்டது. கையால், அதாவது இறக்கையால், செல்போனைத் திறந்து எண்ணைப் படித்துச் சொன்னாள். மாசானம் அதைப் போட்டான், செல்போன் மணியடித்து வாழ்த்தியது, வண்டி நகர்ந்தது, கால் வெளியே வந்தது. வந்த காலைப் பற்றி விவரிக்க வேண்டாம்.

“ஒரு போட்டோக்கா. பெட்டியோட நிக்க மாதிரி. அது இல்லைன்னா ஒத்துக்க மாட்டாவ.”

அவள் மிச்சமிருந்த காலில் நின்றாள். நாரைக்கு வலித்தாலும் அலகு பிளக்கும், சிரித்தாலும் அலகு பிளக்கும். படம் அருமையாக வந்தது.

“அஞ்சு ஸ்டாரு போட்டுருங்கக்கா. நாலு போட்டாலும் என்னைக் கூப்பிட்டுக் கேப்பாவ.”

அதையும் போட்டாள். மாசானம் கண் கலங்க அவளைக் கும்பிட்டுவிட்டு அடுத்த பெட்டியைக் கொடுக்கப் போனான். அவனுக்கு நேரமாகிவிட்டது.

பெட்டி மீன் ஒரு வேளைக்கு வந்தது. மறுநாள்தான் ஆவுடைத்தாய்க்கு உறைத்தது. உடைந்த காலைச் சேற்றில் ஊன்ற முடியவில்லை. நல்ல காலை மட்டும் ஊன்றினால், அது சோர்ந்தபோது மாற்றிக்கொள்ள இன்னொன்று இல்லை. நிற்க முடியாத நாரையை மீன்கள் கிட்டத்தில் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போயின. கூட்டில் குஞ்சுகள் வாயைப் பிளந்து கத்தின. இப்போது அவை ஸ்டிக்கர் கேட்கவில்லை, ஏதாவது ஒரு மீன் கேட்டன. ஆவுடைத்தாய்க்கு அந்தக் கத்தல் கால் வலியைவிடப் பெரிய வலியாக இருந்தது.

கால் கூடும்வரை குஞ்சுகளுக்கு இரையும், காலுக்கு ஒரு கட்டும். இவ்வளவுதான் அவள் கேட்டது. நொண்டி நொண்டி ஆலமரத்தடிக்குப் போனாள். அங்கே புகார் கேட்க ஒரு கிளியை வைத்திருந்தார்கள்.

“வணக்கம். உங்கள் திருப்தியே எங்கள் மகிழ்ச்சி. சாமான் வரவில்லையா? உடைந்து வந்ததா? மாறி வந்ததா?” என்றது கிளி.

“சாமான் நல்லாத்தான் வந்துச்சு. நாந்தான் ஒடைஞ்சு போனேன்.”

“சாமான் நல்லபடியாக வந்ததாகப் பதிவு செய்துகொண்டோம். உங்கள் பாராட்டுக்கு நன்றி.”

மறுபடி சொன்னாள். கிளி மறுபடி நன்றி சொன்னது. சாயங்காலம்வரை நின்று பார்த்துவிட்டு, இனி கோர்ட்தான் என்று முடிவுகட்டினாள்.

காட்டில் இரண்டு வக்கீல்கள் பேர்போனவர்கள். ஒருவர் கீரி, ஒருவர் சாரைப்பாம்பு. கீரியைக் கம்பெனி வருஷக் கணக்கில் பேசி வைத்திருந்தது. ஆவுடைத்தாய்க்குச் சாரைப்பாம்பு கிடைத்தார். “கவலைப்படாதீங்கம்மா. அந்தக் கீரியைக் கண்டாலே எனக்கு ஆகாது. கிழிச்சுருதேன்” என்று படமெடுக்கப் பார்த்தார். சாரைக்குப் படம் வராது. ஆனாலும் அவர் முயற்சி செய்தது ஆவுடைத்தாய்க்கு ஆறுதலாக இருந்தது.

நாவல் மரத்தடியில் கோர்ட். நீதிபதி ஓர் உடும்பு. ஒரு பாயிண்டைப் பிடித்தால் விடமாட்டார் என்று அவருக்குப் பெரிய பெயர். எந்தப் பாயிண்டைப் பிடிப்பார் என்பது அவருக்கே தெரியாது.

சாரைப்பாம்பு எழுந்து, “கனம் கோர்ட்டார் அவர்களே, கம்பெனி வண்டி, கம்பெனி டிரைவர், கம்பெனி வேலை. கால் போனதற்குக் கம்பெனிதான் பொறுப்பு” என்று சொல்லி உட்கார்ந்தார். பேச வேண்டியிருந்தது அவ்வளவுதான். ஆவுடைத்தாய்க்கு இதில் மறுத்துப் பேச என்ன இருக்கிறது என்று தோன்றியது. பாவம், அவளுக்குச் சட்டம் தெரியாது.

கீரி வாலைச் சிலிர்த்துக்கொண்டு எழுந்தார்.

“முதலில், வண்டி எங்களுடையது அல்ல. முதலாளியின் மச்சான் வாடகைக்கு விட்டது.”

“வண்டி பூராவும் உங்கள் பெயர் எழுதியிருக்கிறதே?” என்றார் நீதிபதி.

“அது விளம்பரம், அய்யா. எங்கள் பெயரை இந்த நாவல் மரத்திலும் எழுதியிருக்கிறோம். அதற்காக இந்தக் கோர்ட் எங்களுடையது ஆகிவிடுமா?”

நீதிபதி மரத்தை அண்ணாந்து பார்த்தார். எழுதித்தான் இருந்தது.

“இரண்டாவது, மாசானம் எங்கள் டிரைவர் அல்ல. கம்பெனியில் கூட்டாளி.”

சாட்சிக்கு வந்திருந்த மாசானம் வாயைப் பிளந்தான். “நான் கூட்டாளியா? அப்ப லாபத்துல எனக்குப் பங்கு எப்பத் தருவிய?”

“நஷ்டத்தில் மட்டும் கூட்டாளி” என்றார் கீரி. “மூன்றாவது, இன்சூரன்ஸ். வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இருக்கிறது. ஆனால் இந்த அம்மாள் மூன்றாம் நபர் அல்ல. ஆர்டர் போட்டதால் எங்களோடு ஒப்பந்தம் செய்தவர். சம்பந்தமில்லாமல் சாலையில் போன யார் கால் மேல் ஏறியிருந்தாலும் தாராளமாகக் கிடைத்திருக்கும்.”

“அப்படியென்றால் வாடிக்கையாளர் என்ற முறையில் கேட்கிறோம்” என்று சாரை குறுக்கே புகுந்தார்.

“காசு கொடுத்தால்தானே வாடிக்கையாளர். இவருக்கு முதல் ஆர்டர் இலவசம்.”

கூட்டம் தலையாட்டியது. மூன்றாம் நபரும் அல்ல, வாடிக்கையாளரும் அல்ல. தான் யார் என்று ஆவுடைத்தாய்க்கே சந்தேகம் வந்துவிட்டது. கீரி அத்தோடு விட்டாரா? கிளியின் பதிவை எடுத்துப் படித்தார், ஐந்து நட்சத்திரத்தைச் சொன்னார், கடைசியாகப் போட்டோவை நீட்டினார்.

“பாருங்கள் அய்யா. சிரித்துக்கொண்டு, பெட்டியோடு, ஒற்றைக் காலில் நிற்கிறார். விபத்துக்கு முன்பும் இவர் ஒற்றைக் காலில்தான் நின்றார் என்று ஊரே சொல்லும். முன்பும் ஒரு கால், பின்பும் ஒரு கால். நஷ்டம் எங்கே இருக்கிறது? மற்ற கால் உபரி.”

“மாத்தி மாத்தி நிப்பேன் அய்யா” என்றாள் ஆவுடைத்தாய். “ஒரே கால்ல எம்புட்டு நேரம் நிக்க முடியும்? பிள்ளைய பட்டினி கெடக்கு.”

அவள் குரல் உடைந்ததைக் கேட்டு மாசானத்துக்குத் தாங்கவில்லை. கூண்டைப் பிடித்துக்கொண்டு, “அய்யா, நான் சொல்லுதேன். தப்பு என் மேலதான். நான் திரும்பிப் பாக்கல. செல்போனப் பாத்துக்கிட்டே வண்டிய எடுத்துட்டேன். அந்தக்காவுக்கு என்ன செய்யணுமோ செய்யச் சொல்லுங்க” என்றான்.

கோர்ட்டில் இப்படி ஒரு பேச்சை யாரும் கேட்டதில்லை. கீரிதான் முதலில் சுதாரித்தார். “ஆட்சேபிக்கிறேன். கூட்டாளி பொறுப்பேற்க வேண்டுமென்றால் கம்பெனியிடம் முன்அனுமதி வாங்க வேண்டும்.” அனுமதி இல்லாததால் மாசானம் சொன்ன உண்மை குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது. அன்று மாலையே சிஸ்டம் அவனையும் நீக்கியது.

இதற்குள் நீதிபதி தமக்கான பாயிண்டைப் பிடித்துவிட்டார்.

“ஓடிபி எப்போது சொன்னீர்கள்? கால் மேல் வண்டி ஏறுவதற்கு முன்பா, பின்பா?”

“ஏறி நிக்கையிலதான் சொன்னேன் அய்யா.” ஆவுடைத்தாய்க்குப் பொய் சொல்ல வரவில்லை.

உடும்பு கண்ணை மூடி யோசித்தது. தீர்ப்பு அப்போதே வந்துவிட்டது.

“ஓடிபி போட்டால்தான் வண்டி வந்து சேர்ந்ததாகச் சிஸ்டத்தில் பதிவாகும். ஆகவே ஓடிபிக்கு முன்பு வண்டி அந்த இடத்துக்கு வரவே இல்லை. வராத வண்டி எப்படிக் கால் மேல் ஏறும்? ஓடிபிக்குப் பிறகோ கம்பெனியின் சேவை முடிந்துவிட்டது. முடிந்த சேவைக்குக் கம்பெனி எப்படிப் பொறுப்பாகும்? எனவே கம்பெனி விடுவிக்கப்படுகிறது. ஆனால் ஒரு கால் உடைந்திருப்பதால் யாரோ ஒருவர் பொறுப்பேற்றே ஆகவேண்டும். அந்த வண்டியை அந்த இடத்துக்கு வரவழைத்தது யார் என்று பார்த்தேன். ஆர்டர் போட்டவர் மனுதாரர். சக்கரம் வருகிற இடத்தில் காலை வைத்திருந்தவரும் மனுதாரர். எலும்பு குத்தி டயர் பஞ்சர் ஆகியிருப்பதால், அதை மனுதாரரே சரிசெய்து கொடுக்க வேண்டும்.”

ஆவுடைத்தாய் திரும்பித் தன் வக்கீலைத் தேடினாள். அவர் அங்கே இல்லை. கோர்ட் டீக்கடையில் கீரியும் சாரையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே தட்டில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்கள். சட்னியைக் கீரிதான் தள்ளி வைத்தார். அவளைக் கண்டதும் சாரைப்பாம்பு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நல்லா வாதாடுனோம்லா?” என்றார். அவளுக்கு அந்த நிமிஷம் உடம்பெல்லாம் எரிந்தது. மரத்தையும் கோர்ட்டையும் அந்தப் பஜ்ஜித் தட்டையும் சேர்த்து மிதிக்கலாம் போல இருந்தது. மிதிக்கத்தான் கால் இல்லை.

கூட்டுக்கு வந்தபோது மரத்தடியில் மாசானம் நின்றுகொண்டிருந்தான். கோர்ட்டிலிருந்து நேரே வந்து மண்ணைக் கிண்டிக் குவித்த கிழங்கு பக்கத்தில் கிடந்தது. “பிள்ளையளுக்குக் குடுங்கக்கா” என்றான். நாரைக் குஞ்சு கிழங்கு தின்னாது என்பது அவனுக்குத் தெரியவில்லை. அவனால் முடிந்தது அதுதான். ஆவுடைத்தாய் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை, அழுதாள். குஞ்சுகள் கிழங்கைக் கொத்திப் பார்த்துவிட்டு மறுபடி கத்தின. சின்னவளின் கத்தல் முந்தின நாளைவிடச் சன்னமாகியிருந்தது.

மறுநாள் ஆலமரத்திலிருந்து கிளி பறந்து வந்தது. கம்பெனி பெரிய மனசு பண்ணியிருக்கிறதாம். மாசானம் ஓட்டிய வண்டி சும்மா நிற்கிறது. கியர் இல்லாத வண்டி, ஓட்ட ஒரு கால் போதும். ஓடிபி வாங்கிவரும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு மீன். பஞ்சருக்காகக் கொஞ்ச நாள் மீனில் வால் பக்கத்தைக் கழித்துக்கொள்வார்கள். “வருகிறீர்களா, கூட்டாளி?” என்றது கிளி.

வராமல் என்ன செய்வாள்? அவளுடைய போட்டோவை வண்டியின் முதுகில் ஒட்டினார்கள். ‘உங்களுக்காக ஒற்றைக் காலில் நிற்கிறோம்’ என்று கீழே எழுதினார்கள். குஞ்சுகளை மாசானம் மரத்தடியில் இருந்து பார்த்துக்கொண்டான். அன்று மத்தியானமே தலையோடு ஒரு மீன் கூட்டுக்கு வந்தது. சின்னவள் அதைத் தின்றுவிட்டுத் தூங்கியதை ஆவுடைத்தாய் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அதற்குள் செல்போன் கூப்பிட்டது.

வண்டியில் ஒரே ஒரு குறை. கேபின் பன்றிக்கு அளவெடுத்துச் செய்தது. நாரையின் கழுத்தை மூன்றாக மடித்து வைத்தால்தான் கூரைக்கு அடியில் அடங்கும். மடித்த கழுத்தைத் திருப்ப முடியாது. கம்பெனியிடம் சொன்னாள். திரும்பிப் பார்க்கத் தேவையில்லை, சிவப்புக் கடிகாரத்தைப் பார்த்தால் போதும் என்றது கம்பெனி. கொஞ்ச நாளில் அவள் அதற்கும் பழகிவிட்டாள். ஒரு பெட்டி ஓடிபி இல்லாமல் தவறிப்போனால் சிஸ்டம் தூக்கிவிடும், தூக்கினால் கூட்டில் மறுபடி அந்தக் கத்தல். அதை நினைத்தாலே அவளுடைய நல்ல கால் தானாக அழுத்தும்.

ஒரு நாள் புற்றுமேட்டுப் பக்கம் ஒரு பெட்டி முட்டை கொண்டுபோக வேண்டியிருந்தது. திருப்ப இடமில்லை. கடிகாரம் துடித்தது. ரிவர்ஸ் எடுத்தாள். பின்னால் ஏதோ நொறுங்கியது. ஒரு அலறல்.

ஆவுடைத்தாய் கழுத்தை உருவிக்கொண்டு, நொண்டியபடி இறங்கிப் பின்னால் போனாள். பின்சக்கரத்துக்கு அடியில் பின்னங்காலைக் கொடுத்துவிட்டு உடும்பு நீதிபதி படுத்திருந்தார். முட்டை அவர் கேட்டதுதான். முதல் ஆர்டர், இலவசம்.

“யம்மா, வண்டிய எடு. என்னைத் தெரியலையா உனக்கு?” கோர்ட் தமிழெல்லாம் அவரிடமிருந்து போய்விட்டது.

“நல்லாத் தெரியுது அய்யா.”

ஒரு நிமிஷம் அவளுடைய இறக்கை வண்டிக் கதவுக்குப் போனது. அந்த வலி எப்படிப்பட்டது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? பழி வாங்க வேண்டும் என்றுகூட அவள் நினைக்கவில்லை, சத்தியமாக நினைக்கவில்லை. ஆனால் செல்போன் துடித்துக்கொண்டிருந்தது. கருவேலமரத்தில் இரண்டு வாய்கள் திறந்திருக்கும் நேரம் அது. உடும்புக்கு நாலு கால் என்பதும் அவளுக்கு ஞாபகம் வந்தது. கீரி வக்கீலின் கணக்குப்படி மூன்று உபரி.

“அய்யா, ஓடிபி சொல்லுங்க” என்றாள் ஆவுடைத்தாய். “போட்டாத்தான் வண்டிய நகத்த முடியும். வீட்ல பிள்ளைய கெடக்கு.”

உடும்பு அவளைப் பார்த்தது. சொன்னால் என்ன ஆகும் என்று காட்டிலேயே நன்றாகத் தெரிந்தவர் அவர்தான். தீர்ப்பு எழுதியவர் அல்லவா. பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சட்டத்தைக் காப்பாற்றிப் பார்த்தார். பிறகு எண்ணைச் சொன்னார்.

வண்டி நகர்ந்தது. ஆவுடைத்தாய் முட்டைப் பெட்டியை அவர் பக்கத்தில் வைத்து, செல்போனைத் தூக்கிப் பிடித்தாள்.

“கொஞ்சம் சிரிங்க அய்யா.”

நீதி: விபத்தில் தப்பு யார் மேல் என்று ஊரெல்லாம் தேடி அலைய வேண்டாம். சக்கரத்துக்கு அடியில் குனிந்து பாருங்கள். தப்புச் செய்தவர் அங்கேயேதான் படுத்திருப்பார்.